மூலிகைக்கு மந்திரம் எதற்கு?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மூலிகை வைத்தியமாகும். சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. கோவிலில் ஏமாறாத மனிதன்கூட நோய்ப் படுக்கையில் ஏமாந்து போகிறான். சாமியை மறுத்துப் பேசுகிறவன் வீட்டிலும், முழங்கால் வீங்கிவிட்டால், "இது ரிஷி சொன்னது, சித்தர் சொன்னது" என்கிற பேச்சுக்கு உடனே மரியாதை வந்து விடுகிறது. ஆகையால்தான் பேசுகிறோம்.

மூலிகை பறிக்கப் போகிறவன் இன்ன கிழமையில் போக வேண்டும், காப்புக் கட்ட வேண்டும், சாபநிவர்த்தி மந்திரம் சொல்ல வேண்டும், வடக்கே போகிற வேரைத்தான் எடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அரளிச் செடியைத் தின்ற ஆடு என்ன மந்திரம் சொல்லிற்று? கிழமை பார்த்தா தின்றது? செத்துப் போகிறதா, இல்லையா? அந்த அரளியின் பூவைச் சாமி தலையில் வைப்பதால் அதன் விஷம் குறைந்து விடுகிறதா? விஷத்துக்கு மந்திரம் வேண்டியதில்லை என்றால் மருந்துக்கு மாத்திரம் ஏன் வேண்டும்? செடிக்குள் இருக்கிற சத்து வேலை செய்கிறதே ஒழிய, பறிக்கிறவன் வாயில் இருக்கிற சொல் வேலை செய்வதில்லை.

இனி வீக்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்கிற நான்கு அடையாளங்களை ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்தார். இதை இன்று அழற்சி என்கிறோம். அடிபட்ட இடத்துக்கும் கிருமி புகுந்த இடத்துக்கும் உடம்பு தானே அனுப்புகிற காவல் படையின் வேலை இது. வேலை முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஐந்து நாளில் தானே வடிகிற வீக்கத்துக்கு மூன்றாம் நாள் பற்றுப் போட்டவன், பற்றுதான் வடித்தது என்கிறான். விபூதி பூசினவனும் விபூதிதான் வடித்தது என்கிறான். இருவருக்கும் என்ன வித்தியாசம்? போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். முறைக்காய்ச்சல் சதுப்பு நிலத்தில் வருகிறது, வில்லோ மரமும் ஈரத்தில் வளர்கிறது, நோய் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடவுள் மருந்தை வைத்திருப்பார் என்று அவர் எண்ணினார். சுத்தப் பைத்தியக்கார எண்ணம்தான். ஆனால் அவர் அந்த எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. பட்டையைக் காய வைத்துப் பொடி செய்து, சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, குணமானதையும், சிலருக்கு முற்றும் குணமாகாததையும் சேர்த்து 1763-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். எண்ணம் பாதிரியினுடையது, சோதனை பகுத்தறிவினுடையது. நிலைத்தது எது? சோதனைதான் நிலைத்தது. அந்தப் பட்டையின் சத்தைப் பிறகு வந்தவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே இனத்து உப்பைத் திருத்திச் செய்ததுதான் 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின். அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971-இல் காட்டினார். வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை உடம்பு செய்யவொட்டாமல் அது தடுக்கிறது. அதே பொருள்தான் வயிற்றின் உள் தோலையும் காக்கிறது. ஆகவேதான் ஆஸ்பிரின் தின்றவர்களில் சிலருக்கு வயிறு புண்ணாகிறது. நன்மை எந்த வழியில் வந்ததோ, கெடுதியும் அந்த வழியிலேயே வருகிறது.

"பச்சிலைதானே, கெடுதி செய்யாது" என்கிறவர்களுக்கு நம் நாட்டுச் செடி ஒன்றைக் காட்டுகிறோம். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்பீர்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் விதைக்காக அதைப் பயிர் செய்கிறார்கள். அதில் இருப்பது கோல்ச்சிசின் என்னும் சத்து. ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து 1820-இல் இதைப் பிரித்தார்கள். வீக்கம் கண்ட இடத்துக்கு வெள்ளணுக்கள் நகர்ந்து போகாமல் தடுப்பதால், கீல்வாத வலிக்கு இது நல்ல மருந்து. நாள்பட்ட இருதய நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், தினம் அரை மில்லிகிராம் தின்றவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கும், வெற்று மாத்திரை தின்றவர்களில் 100-க்கு சுமார் 10 பேருக்கும் மாரடைப்பு முதலிய ஆபத்து நேர்ந்தது. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய சோதனையில், பயன் இல்லை என்று 2024-இல் வெளியிட்டார்கள். பயன் இல்லை என்பதையும் வெளியிடுகிற இந்த யோக்கியதை எந்த வேதத்துக்காவது உண்டா? இவ்வளவு நல்ல சத்துள்ள அதே கிழங்கை அப்படியே தின்றவன் வாந்தியும் பேதியும் கண்டு, பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாய்க் கெட்டுச் சாகிறான். ஆகவே மருந்தா விஷமா என்பதை அளவு தீர்மானிக்கிறது, ரிஷி தீர்மானிப்பதில்லை.

அடுத்து மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995-இல் பேடண்ட் உரிமை கொடுத்தார்கள். இது எங்கள் நாட்டில் வெகுகாலமாய் உள்ள வழக்கம் என்று இந்திய விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி, 1997-இல் அந்த உரிமையை ரத்து செய்ய வைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த வழக்கில் ருசுவானது, வழக்கம் பழையது என்பதுதான். பழையது என்பது வேறு, பலிக்கும் என்பது வேறு. தீண்டாமையும் பழையதுதானே! மஞ்சளில் உள்ள குர்குமின் என்கிற சத்து சோதனைக் குழாயில் அழற்சியை அடக்குகிறது. வாய்வழியே தின்றால் இரத்தத்தில் சேர்வது வெகு சொற்பம். மிளகுச் சத்தோடு கொடுத்தால் 20 மடங்கு சேர்கிறது என்று பெங்களூரில் செய்த சோதனை 1998-இல் வெளியாயிற்று. மூட்டுவலிக்குக் கொஞ்சம் குணம் என்று சில சிறு சோதனைகள் சொல்லுகின்றன. அதிகம் சேரும்படி செய்து விற்கிற மாத்திரைகளைத் தின்று ஈரல் கெட்டவர்களின் விவரமும் வைத்தியப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. குழம்பு மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். "சகல ரோக நிவாரணி" என்கிற மாத்திரைக்குப் பயப்படுங்கள்.

தாய்மார்களே! இன்னொன்று கேட்கிறோம். மஞ்சள் மருந்து, நம் முன்னோர்கள் விஞ்ஞானம் தெரிந்தே பூசச் சொன்னார்கள் என்று சொல்லுகிறவர்கள், புருஷன் செத்த பிறகு பெண்ணிடமிருந்து அந்த மஞ்சளைப் பறித்தார்களே, அது எந்த விஞ்ஞானம்? புருஷன் இல்லாதவள் காலில் புண் வராதா? கிருமி தாலியைப் பார்த்தா கடிக்கிறது? அது மருந்தாயிருந்தால் எல்லோருக்கும் மருந்து. அடையாளமாயிருந்தால் அடிமைத்தனத்தின் அடையாளம். இரண்டில் ஒன்று சொல்லட்டும்.

அதுமாத்திரமல்ல. கிராமத்தில் கட்டி அறுத்ததும், பற்றுப் போட்டதும், பிரசவம் பார்த்ததும் யார்? நாவிதர் என்று தாழ்த்தப்பட்ட மருத்துவ குலத்தாரும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தானே! கை உழைப்பு அவர்களுடையது. பெருமை மட்டும் ரிஷிக்கு! செடியை அறிந்தவனைத் திண்ணையில் ஏற்றாமல், செடிக்கு மந்திரம் எழுதினவனைக் கும்பிட்டோம்.

ஆகவே தோழர்களே! பாட்டி சொன்னாள் என்பதற்காக ஒரு மருந்தைத் தள்ளவும் வேண்டாம், ரிஷி சொன்னார் என்பதற்காகக் கொள்ளவும் வேண்டாம். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்கள் கதி என்ன, அளவு என்ன, கெடுதி என்ன என்கிற நான்கு கேள்விகளை நாட்டு வைத்தியரிடமும் கேளுங்கள், இங்கிலீஷ் டாக்டரிடமும் கேளுங்கள். தின்கிற கஷாயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீக்கத்தோடு கடுங்காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கண்டால் பற்று அரைத்துக் கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கேள்வி கேட்டால் கோபிக்கிறவனிடம் மருந்து இல்லை, வியாபாரம்தான் இருக்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல் யோசித்துப் பார்த்து ஏற்கும்படி கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.