சாயத் துணியும் சீட்டுக்கட்டும்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் சீட்டைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இன்று காலை என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. வள்ளுவனார் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார்; அதனை ஆண்டுதோறும் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்பவனும் யானே. ஆயினும் யான் பேசப் புகுந்தது பணம் வைத்தாடும் ஆட்டத்தைப் பற்றியன்று. மழைக்காலத்து மாலையில் திண்ணையிலே பாட்டியும் பேரனும் எதிரெதிர் அமர்ந்து கையிற் பிடிக்கின்றார்களே, அந்த 52 அட்டைகளுக்குச் சித்திரம் அமைப்பதைப் பற்றியே பேசுகின்றேன்.

என் தமக்கை மகன் சித்திரம் பயின்றவன். மசூலிப்பட்டினத்துக்கு அருகே பெடனாவில் மரவச்சுக் குத்திச் சாயமேற்றும் கலம்காரித் துணிகளைக் கண்டு மயங்கி, அவற்றின் பூக்களைக் கொண்டு ஒரு சீட்டுக்கட்டு வரைய விரும்பினான். வணிகர் ஒருவர் முன்பணமும் கொடுத்தார். பையன் செய்தது யாதெனில், நல்ல துணியொன்றைப் படம்பிடித்து, வெட்டி, ஒவ்வோர் அட்டையிலும் பரப்பி, மூலையில் எண்ணை எழுதிவிட்டான். பார்க்க மிக அழகாயிருந்தது. எங்கள் வீட்டில் ஆடிப் பார்த்தோம். விளக்கொளியில் இஸ்பேடு எது, கிளாவர் எது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. என் தாயார் இரண்டு ஆட்டம் பொறுத்திருந்து, பழைய கட்டை எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

அன்றிரவு அவனிடம் யான் கேட்டது வேறொரு கேள்வி. “அந்தத் துணிக்கு அச்சுச் செதுக்கியவருக்கு இதில் என்ன கிடைக்கும்?” அவன் வாய் திறக்கவில்லை. மறுவாரம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெடனாவுக்கு இரயிலேறினான். இதனால் அவன் தந்தையார்க்கும் எனக்கும் சில நாள் பேச்சு இல்லாமற் போனதை இங்குள்ள உறவினர் அறிவர்.

சீட்டுக்கும் மரவச்சுக்கும் உறவு புதிதன்று. ஐரோப்பாவில் தாளில் அச்சிடுமுன்னரே துணியில் மரவச்சுக் குத்தினர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே சீட்டுகளின் கோட்டை மரவச்சால் பதித்து, வெட்டிய தகட்டின் வழியே வண்ணந் தடவினர். நம் நாட்டுக் கஞ்சிபாச் சீட்டோ பெரும்பாலும் வட்டமானது, கையால் எழுதப்படுவது. மொகலாயர் கட்டில் 8 இனம், இனத்துக்கு 12 ஆக 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் 120. ஒடிசாவில் இரகுராஜபுரத்துச் சித்திரக்காரர் பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கி ஒட்டிச் சுண்ணம் பூசி அட்டை செய்வர். அங்கே துணியே சீட்டாகிவிடுகிறது.

இனிச் சாயத்தின் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். துணியை வெளுத்துக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காய் சாயத்தைப் பற்றவைக்கும். பால் அது கசிந்து பரவாமற் காக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரிற் பல நாள் ஊறவைத்து எடுத்த நீரால் கோட்டச்சைக் குத்தினால், கடுக்காயோடு கூடிய இடத்தில் கரிய கோடு தோன்றும். அடுத்த அச்சைப் படிகார நீரிற் குத்துவர். படிகாரத்துக்கு நிறமில்லை, ஆதலின் குத்திய இடந் தெரிவதற்காகச் சிறிது செந்நிறங் கலந்துகொள்வர். பின்னர் வேர்ச்சாயத்திற் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிலைக்கும். எஞ்சிய இடத்துச் சாயம் ஆற்றுநீரில் அலசவும் வெயிலில் உலர்த்தவும் அகன்றுவிடும். மஞ்சளும் அவுரி நீலமும் அதன் பிறகே வரும்.

அன்பர்களே, இத்தொழிலின் தலையாய நிறங்கள் கருப்பும் சிவப்பும். சீட்டுக்கட்டின் நிறங்களும் அவையே. பையன் முதலில் டைமனுக்கு மஞ்சளும் கிளாவருக்கு நீலமும் கொடுத்திருந்தான். அவற்றை நீக்கி, இரும்பு தந்த கருப்பையும் படிகாரம் தந்த சிவப்பையும் மட்டும் வைத்த அளவிலே, கட்டுத் தெளிந்துவிட்டது. துணியின் பூவை எடுத்தபோது வராத அழகு, துணியின் முறையை எடுத்தபோது வந்தது.

செதுக்குபவர் கற்பித்ததும் ஒன்றுண்டு. சீட்டின் அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88. அவ்வளவு சிறிய இடத்தில் மயிரிழைக் கோடு போட்டால் தேக்கு மரம் தாங்காது, உடைந்துவிடும் என்று அவர் சொன்னாராம். கோடு தடித்தது, தடிக்கவே தூரத்திலிருந்தும் இனம் தெரிந்தது. ஒரு புடவையைச் சில அச்சுகளே நிரப்புவது போல, 52 சீட்டுக்கும் 29 அச்சே போதும் என்று கணக்கிட்டனர். நான்கு இனத்துக்குச் சிறு சின்னம் 4, ஆஸுக்குப் பெரிய சின்னம் 4, எண்ணும் எழுத்துமாக 13, மயில், அன்னம், கிளி என்னும் மூன்று பறவைகளுக்குக் கோட்டச்சும் நிறவச்சுமாக 6, ஓரக்கரைக்கு 1, பின்புறத்துக்கு 1. பறவை பாதியளவே செதுக்கப்படும். ஒரு முறை குத்தி, அச்சைத் தலைகீழாகத் திருப்பி மறுமுறை குத்தினால், எப்பக்கம் பிடித்தாலும் நேராக நிற்கும் ராஜாவும் ராணியும் ஜாக்கியும் கிடைப்பர்.

பையன் ராஜாவாக இராமபிரானை எழுத எண்ணியிருந்தான். காளத்தியில் எழுதுகோலால் வரையும் துணிகளில் இதிகாசம் நிறைந்திருக்கிறது என்பதும், தசாவதாரச் சீட்டு உண்டென்பதும் மெய்யே. ஆயினும் தரையில் எறியப்படும் அட்டையில் வேண்டாம் என்று என் தமக்கையார் கூறிவிட்டார். அதுவே நன்றாயிற்று, மசூலிப்பட்டினத்து அச்சுக்குப் பூவும் பறவையும் கொடியுமே இயல்பு.

யான் சொன்ன யோசனை ஒன்றும் தோற்றது. மூலையில் தமிழ் எண்களைப் பொறிக்க வேண்டுமென்று பிடிவாதமாயிருந்தேன். என் மகள் ௮ என்னும் எட்டை ‘அ’ என்று படித்து, ஆஸ் என எண்ணி இறக்கி ஆட்டத்தைக் கெடுத்தாள். புலவன் வீட்டுப் பெண்ணுக்கே அந்நிலை. யாவரும் அறிந்த எண்ணையே செதுக்கச் சொல்லிவிட்டேன்.

பின்புறந்தான் பெருஞ் சிக்கல். கையால் குத்தும்போது ஓர் அச்சுக்கும் மற்றோர் அச்சுக்கும் சிறிது விலகும், ஓரிடத்தில் மை மிகும், ஓரிடத்தில் குறையும். துணியில் அதுவே கைவேலையின் உயிர். சீட்டின் பின்புறத்தில் அது கள்ள அடையாளம். கண் கூர்மையுள்ளவன் கவிழ்த்த சீட்டை அறிந்துகொள்வான். ஆதலின் பின்புறத்துக்குத் துணியில் குத்திய ஒரே பதிவைத் தேர்ந்து, அதனையே 52க்கும் மாறாமல் பொறியில் அச்சிட வேண்டும். அதுவும் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். முன்புறத்துக்கு அக்கட்டுப்பாடில்லை. தாளைச் சாயப் பானையிற் கொதிக்க வைக்க இயலாதாகையால், முகங்களையும் முதலில் துணியிலே முறைப்படி சாயமேற்றி, அவற்றைப் படமெடுத்தே அட்டையில் ஏற்றுகின்றனர். கை விலகிய கோடு விலகியபடியே அங்கு நிற்கும்.

ஒருகாலத்தில் இத்தகைய துணிக்கு அஞ்சிப் பிரான்சு 1686 முதல் 1759 வரை தடை விதித்தது; இங்கிலாந்து 1721இல் அதனை உடுத்துவதையே சட்டத்தால் விலக்கியது. இன்று அதே பூக்களைப் பொறியில் அச்சிட்ட மலிவுத் துணி கடைதோறும் தொங்குகிறது. பையனின் முதற் கட்டும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இப்போது அச்சு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி முன்னரே பேசிக் கொடுக்கப்படுகிறது. மேலும், கட்டுகள் விற்பனையாகும்போது செதுக்கியவருக்கும் சாயமேற்றியவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறான். ஜோக்கராக வரும் இரண்டு அட்டைகளில் ஒன்றில், அவர்கள் இசைவோடு அவர்கள் பெயர் வரும். விலை கூடும் என்று பழைய வணிகர் விலகிக்கொண்டார். வேறொருவர் இன்னும் அமையவில்லை.

29இல் 11 அச்சுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் கிளியையும் 7ஆம் எண்ணையும் அந்த மேசைமேல் வைத்திருக்கின்றேன். எண் இடவலம் மாறித் தெரியும், குத்தினால் நேராகும். பக்கத்தில் மைத்தட்டும் தாளும் உண்டு. கூட்டம் முடிந்தபின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குத்திப் பார்க்கலாம். அச்சைக் கீழே போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.