அயலவருக்கு அடுத்த இலக்கம்



புயலின்போது கடல் எவ்வளவு உயரும் என்று கணிக்க, கரையோரக் கடலை முக்கோணங்களாகப் பிரித்து வலை பின்னுகிறோம். ஒவ்வொரு முனையின் நீர்மட்டத்தையும் அயல் முனைகளைப் பார்த்தே கணனி கணிக்கிறது. 1978 புயலைக் கண்ட மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை: தண்ணீர் வந்தபின் வரும் விடை எதற்கு?

உடனே பெரிய கணனி வாங்கச் சொல்வார்கள். ஆனால் கணக்குப் போடுவதைவிட, எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதிலேயே நேரம் அதிகம் போகிறது. பாடசாலை முழுவதற்கும் ஒரே இடாப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இருக்கும் இருவரின் இலக்கம் 1, 900 என்றால் ஆசிரியை ஓயாமல் பக்கம் புரட்டத்தான் வேண்டும். அயல் முனைகளுக்குக் கிட்டிய இலக்கம் கொடுத்தால், ஒன்றை எடுக்கும்போதே மற்றதும் கூட வந்துவிடும்.

இதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பெண் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் எலிசபெத் கத்ஹில், ஜேம்ஸ் மக்கீயுடன் 1969இல் ஒரு முறையை வெளியிட்டார். ஓரத்து முனையொன்றில் தொடங்கி, அதன் அயலவர், பின் அவர்களின் அயலவர் என்று இலக்கமிட வேண்டும். தொடர்பு குறைந்தவருக்கு முதலிடம். அன்று நினைவகத்தை மிச்சம்பிடிக்கச் செய்தது, இன்று வேகத்துக்கும் உதவுகிறது. வலையும் சமன்பாடும் அப்படியே இருக்கும்.

பைத்தனின் சைப்பை நூலகத்தில் இம்முறை உண்டு. கணனி அறையில் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும்.