மாற்றியமைத்த காரின் மதிப்பு எதில் இருக்கிறது?



2020ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள கிஸிமீ நகரில் ஒரு பழைய கார் ஏலத்திற்கு வந்தது. 1968ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ரகம். பச்சைச் சாயம் மங்கிப் போயிருந்தது, ஆங்காங்கே துரு. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலும் அது இல்லை. முத்திரைகள் கழற்றப்பட்டிருந்தன, சஸ்பென்ஷன் பலப்படுத்தப்பட்டிருந்தது, கேமரா பொருத்துவதற்கான இரும்புத் தாங்கிகள் அடிப்பாகத்தில் வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. அந்தக் காருக்கு 3.4 மில்லியன் டாலரில் சுத்தியல் விழுந்தது. ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்தால் 3.74 மில்லியன் டாலர்.

காரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். 'புல்லிட்' திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய கார் அது. 1974இல் அதை 6,000 டாலருக்கு வாங்கிய குடும்பம், 1977இல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்தி வைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் வெளிவந்த வேறொரு மஸ்டாங்கில் அதே வெல்டிங்கும் அதே துருவும் இருந்திருந்தால், அவை குறைகளாகவே எண்ணப்பட்டு விலை இறங்கியிருக்கும். மாற்றம் ஒன்றுதான், மதிப்போ இரண்டு. அப்படியானால், மாற்றியமைக்கப்பட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பை எப்படிக் கணிப்பது? ஏலத்திற்குப் போகும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதல் கேள்வி, மாற்றியவர் யார்? கரோல் ஷெல்பி தமது சொந்த உபயோகத்திற்காக 1966ஆம் ஆண்டின் கோப்ரா 427 பந்தயக் கார் ஒன்றைச் சாலையில் ஓட்டும்படி மாற்றி, அதில் இரண்டு சூப்பர்சார்ஜர்களைப் பொருத்தினார். 2007இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் அது கட்டணத்துடன் 5.5 மில்லியன் டாலருக்குப் போனது. காரை உருவாக்கியவரே செய்த மாற்றம் என்பதால் அது காரின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. பெயர் தெரியாத ஒரு பட்டறையில் இதே வேலை நடந்திருந்தால், இயந்திரம் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் அந்த விலை கிடைத்திருக்காது.

இரண்டாவது கேள்வி, மாற்றம் எப்போது நடந்தது? 1962ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று, 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 48.4 மில்லியன் டாலருக்கு விற்பனையானது. அதன் மேல்கூடு முதலில் இருந்த கூடு அல்ல. 1964இல், பந்தய வாழ்க்கை முடியாத நாளிலேயே, ஃபெராரிக்குக் கூடு கட்டித் தந்த ஸ்காலியெட்டி பட்டறை அதைப் புதிய வடிவத்திற்கு மாற்றியது. ஆனால் இயந்திரமும் கியர்பெட்டியும் ஆதியில் இருந்தவையே. வெற்றி பெறுவதற்காக அந்தக் காலத்திலேயே செய்த மாற்றத்தைச் சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அழகுக்காகச் செய்யும் மாற்றத்திற்கு அந்தச் சலுகை கிடையாது.

மூன்றாவது கேள்வி, பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா? சக்கரம், இருக்கை, ஸ்டியரிங், புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றை ஒரு வார இறுதியில் கழற்றி மாட்டிவிடலாம். கழற்றிய பழைய பாகங்களும் காருடன் வருமானால் விலை பெரிதாகப் பாதிக்கப்படாது. ஆனால் கூரையை அறுத்துத் திறந்த காராக்குவது, அகலமான டயருக்காக மட்கார்டை வெட்டுவது, ஆதி இயந்திரத்தைத் தூக்கி எறிவது ஆகியவை வேறு கதை. இரும்பை வெட்டியபின் ஒட்ட வைக்கலாம். வெட்டப்படாததாக ஆக்க முடியாது.

நான்காவது கேள்விதான் மிக முக்கியமானது. சான்று எங்கே? சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒத்துப்போகின்றனவா? பட்டறை ரசீதுகள், பழைய புகைப்படங்கள், முந்தைய உரிமையாளர்களின் பதிவுகள் உள்ளனவா? 1960களில் தயாரான அசல் கோப்ராக்கள் ஏறக்குறைய ஆயிரம்தான். இன்று உலகில் ஓடும் கோப்ரா உருவக் கார்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் செய்யப்பட்ட நகல்கள். நகலை நகல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அசலின் விலைக்கு அதை வாங்குபவர்தான் சேமிப்பைத் தொலைக்கிறார். சாயம் எவ்வளவு பளபளத்தாலும், காகிதம் பேசாவிட்டால் கையைத் தூக்காதிருப்பதே நல்லது.

ஆசியக் கார் ஒன்றிலும் இதே பாடம் உண்டு. 1967 முதல் 1970 வரை 351 டொயோட்டா 2000ஜிடி கார்கள்தாம் தயாராயின. அவற்றுள் ஷெல்பியின் குழு பந்தயத்திற்காக மாற்றியமைத்த கார் ஒன்று 2022 மார்ச் மாதத்தில் ஃபுளோரிடாவின் அமேலியா தீவு ஏலத்தில் 2.5 மில்லியன் டாலரைத் தாண்டியது. 2013இல் டெக்சஸில் ஏலம் போன மாற்றப்படாத 2000ஜிடி ஒன்றின் விலை 1.155 மில்லியன் டாலர். இடையே ஒன்பது ஆண்டுகள் சென்றது உண்மைதான். ஆயினும், யார், எப்போது, என்ன சான்று என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால் மாற்றம் ஒரு காரைத் தாழ்த்திவிடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இன்னொரு தவறான கணக்கையும் பலர் போடுகிறார்கள். "காருக்கு 20,000, மாற்றத்திற்கு 60,000 செலவழித்தேன், ஆகவே மதிப்பு 80,000" என்பது அந்தக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இது. செலவு என்பது விற்பவரின் ஆசை. விலை என்பது வாங்குபவரின் ஆசை. ஒருவரின் ரசனைக்கு ஏற்ப மாறிய காரை விரும்புவோர் குறைவு. ஏலம் சூடுபிடிக்க குறைந்தது இருவராவது அதை விரும்ப வேண்டும். ஒரே இரவில் இரு செல்வந்தர்கள் போட்டியிட்டு ஏற்றிய தொகையைச் சந்தை விலையென நம்புவதும் ஆபத்து. அது அந்த ஒரு காருக்கு, அந்த ஒரு மேடையில் கிடைத்த விலை மட்டுமே.

ஏலத்திற்குப் போகிறவர், முந்தைய நாளே காரை நேரில் பார்ப்பது அவசியம். அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று, அடிப்பாகத்தையும் எண்களையும் சோதிக்கலாம். கட்டணத்தையும் சேர்த்து உச்ச வரம்பை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். மேடையின் ஆரவாரத்தில் மனம் எழுப்பும் விலையைவிட, வீட்டில் அமைதியாக எழுதிய விலையே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பழைய காரை ஏற்கெனவே வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. ஆசைப்படி மாற்றுங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, பெயரெழுதி, பெட்டியில் வையுங்கள். ரசீதுகளைக் கோப்பில் சேருங்கள். உங்களுக்குப் பின் அந்தக் காரைக் கையில் எடுக்கப் போகும் பிள்ளைக்கு, எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்புவது என்று முடிவெடுக்கும் வாய்ப்பு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.