பழைய காரும் பழுதற்ற பேச்சும்



இலக்கியம் பேசத்தக்க அறிஞர்கள் பலர் இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். மெட்ரிக் வரை பயின்று ரயில்வேயில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் எனக்குச் செயலாளர் அவர்கள் அளித்த பொருளோ, பழுதுற்ற பழைய காரை விற்பது பற்றியது. நகைக்க வேண்டாம். சயான், மாட்டுங்கா வட்டாரத்துச் சுவரோரங்களில் தார்ப்பாய் போர்த்துக் கிடக்கும் வண்டிகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் பணமும் கவலையும் இருக்கின்றன.

அவற்றுட் பெரும்பாலானவை நமக்கு அண்டை அயலில் பிறந்தவை. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா ஆலை இங்கிருந்து நெடுந்தூரமன்று. ஃபியட் 1100 அங்கே உருவாயிற்று. அவ்வண்டியே பின்னர் பிரசிடென்ட் எனவும், 1974 முதல் பத்மினி எனவும் பெயர் பூண்டது. கருப்பும் மஞ்சளுமாய் இந்நகர் முழுதும் டாக்சியாய் ஓடிய அவ்வண்டி, 2023 அக்டோபர் 30 முதல் டாக்சித் தொழிலினின்றும் முற்றிலும் விடைபெற்றது. தெருவில் அருகிய பிறகே அதனைத் தேடி வருவோர் பெருகினர். மனித இயல்பு அது!

தேடி வருவோர் இரு வகையினர். ஒருவர் பங்கார் வியாபாரி. நம் ஊரில் காயலான் கடைக்காரர் என்போம். அவர் இரும்பின் எடைக்கு விலை பேசுவார். மற்றவர் தரகர். "பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுவோம், புதுப்பிக்கத் தக்க வண்டி என்று சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம்" என்பார். என் கருத்தில் பின்னவரே அதிக ஆபத்தானவர்.

ஏனெனில், பத்மினிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தரைத்தகடும் பக்கத்தகடும் சேர்ந்த உடலே வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஜீப்பில் உடல் துருப்பிடித்தாலும் அடிச்சட்டம் நிற்கும். இதில் தரை துருப்பிடித்தால் முதுகெலும்பே போயிற்று. கடற்காற்று வீசும் இந்நகரில், கதவுக்கு அடியிலும், கால்மிதியின் கீழும், டிக்கியின் மூலைகளிலும் துரு முதலில் குடியேறும். அதன்மேல் பட்டி பூசினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாங்குபவர் சிறு காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் போதும். தகட்டில் ஒட்டும், கனத்த பட்டியில் நழுவும். உண்மையாகவே வண்டியைப் புதுக்கும் ஆர்வலர் துருவைக் கண்டு அஞ்சுவதில்லை. மூடிய துருவுக்கே அஞ்சுகிறார். ஆதலால் பெயின்டுக்குச் செலவிடாதீர்கள். அதைவிட, பரணில் கிடக்கும் சக்கரமூடி, கைப்பிடி, முன்புற ஜாலி, பழைய ரேடியோ இவற்றைப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். உற்பத்தி நின்ற வண்டிக்கு உதிரிப்பொருளே உயிர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் குதிரை விற்பனையைப் பற்றிய எடுத்துக்காட்டுகள் உள்ளன. குதிரை நோயுற்றதென அறிந்த ஒருவன் ஏலத்தில் வாய் பேசாது விற்றால் அது மோசடியன்று. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் வயது நிரம்பிய அவன் மகளாயின் சொல்லியே தீரவேண்டும். "நீர் மறுக்காவிடில் குதிரை நலமென்றே கொள்வேன்" என்று வாங்குபவன் கூறியபின் மௌனம் சாதித்தால், அம்மௌனமே பேச்சாகும். குறையை முனைந்து மறைப்பதோ எந்நிலையிலும் மோசடியே. பட்டி பூசி மறைப்பது எதிற்சேரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் ரயில்வேயில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூட்டையின் கட்டு தளர்ந்திருந்தால் சரக்குச் சீட்டிலேயே அதைக் குறித்துவிடுவோம். சரக்கை மறுப்பதில்லை, நிலையை எழுதுகிறோம், அவ்வளவே.

எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் அவ்வாறே செய்தார். 2005 ஜூலை 26-இல், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, அவர் கணவரின் பத்மினி இருக்கை மட்டும் நீரில் நின்றது. பின்பு கிளம்பவேயில்லை. கணவர் மறைந்தார், மகனோ பெங்களூரில். தரகர் பெயின்ட் யோசனையுடன் வந்தார். அம்மையார், "முழுகிய வண்டியை முழுகவில்லை என்று நான் சொல்லமாட்டேன், தம்பி" என்று கூறிவிட்டு, ஒரு முழுத்தாளில் குறைகளை எழுதச் சொன்னார். நானே எழுதினேன். வெள்ளம் புகுந்தது, எஞ்சின் இறுகியது, தரையில் இரு துளைகள், மின்கம்பிகள் பயனற்றவை, பதிவு காலாவதியானது. புனாவிலிருந்து வந்த ஒருவர் அத்தாளில் கையொப்பமிட்டு வண்டியை எடுத்துச் சென்றார். தரகர் ஆசை காட்டிய தொகை கிட்டவில்லை. பங்கார் விலையினும் மிகுதியாகவே கிட்டியது.

விலையினும் முக்கியமானது ஆர்.சி. புத்தகம். உரிமையாளர் காலமாகியிருந்தால், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காலம் தவறியிருப்பினும் முதலில் அதை நேர் செய்த பிறகே விற்பனை. விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29-ஐப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்க வேண்டும். "வண்டிதான் போய்விட்டதே" என்று வாளாவிருந்தால் என்னவாகும்? விற்றுப் பல கை மாறிய வண்டி ஒன்று விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சில ஆயிரங்களுக்கு விற்ற வண்டி பல இலட்சங்களைக் கேட்டு வாசலுக்குத் திரும்பி வரலாம். வண்டியை உடைக்கவே கொடுப்பினும் பதிவை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அடிப்படை மாற்றமின்றி அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குப் பழம்பெரும் வாகனம் எனத் தனிப் பதிவு பெறலாம். அன்றாட ஓட்டத்துக்கு அதனைப் பயன்படுத்த இயலாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்குமே. 1974-ஆம் ஆண்டுப் பத்மினி அவ்வயதை எட்டிவிட்டது. எனவே பங்காருக்குத் தள்ளுமுன் பதிவு ஆண்டைப் பாருங்கள். ஆனால் அப்பதிவு உறுதியாகக் கிடைக்குமென வாங்குபவருக்கு வாக்களிக்காதீர்கள். அது அதிகாரிகள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

வண்டி வைத்திருப்போர் ஞாயிறு காலை நம் சங்கப் படிப்பகத்துக்கு வரலாம். படிவங்களை நிரப்பித் தருகிறேன். ஆர்.சி. புத்தகத்தையும், சேஸிஸ் எண்ணைத் தாளில் குறித்தும், மறவாமல் எடுத்து வாருங்கள்.