இருபத்தொன்பது நிமிட இசை



சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரையொன்று என் மேசைக்கு வந்தது. ‘என் உள்ளங்கவர்ந்த கலைப்படைப்பு’ என்பது கொடுக்கப்பட்ட தலைப்பு. ஏனைய மாணாக்கர் காவியத்தையும் கோபுரத்தையும் ஓவியத்தையும் எடுத்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் அமெரிக்க வாலிபர் நால்வர் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டொன்றைப் புகழ்ந்து நான்கு பக்கம் எழுதியிருந்தான். அந்த நால்வரின் குழுவுக்கு றமோன்ஸ் என்று பெயர். அவர்களுடைய முதல் தட்டுக்கும் அதே பெயர்தான். அவ்விசை ‘பங்க் றொக்’ என்னும் வகையைச் சேர்ந்தது. பங்க் என்பது ஆங்கிலத்திலே போக்கிரி, உதவாக்கரை என்ற பொருளில் வழங்கிய வசைச்சொல். நான் சிவப்பு மையால் ‘தகுந்த பொருளன்று’ என்றெழுதிக் குறைந்த புள்ளியை இட்டேன். தட்டைக் கேளாமலே அவ்வாறு செய்தேன் என்பதையும் மறைக்காது கூறிவிடுகிறேன்.

மறுநாள் அம்மாணவன் வந்து, “சேர், ஒரு முறை கேட்டுவிட்டுப் புள்ளி போடுங்கோ. அரை மணித்தியாலமும் ஆகாது” என்றான். அவன் சொன்னது உண்மையே. பதினான்கு பாட்டுக்கள், மொத்தம் 29 நிமிடம். எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தொடுவதில்லை. முதன்முறை கேட்டபோது எனக்கு விளங்கியது இரைச்சல் ஒன்றுதான். இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை, இதனை நேசிப்போர் எதனை நேசிக்கின்றனர் என்று அறியும் ஆவல் பிறந்தது. அந்த ஆவலின் பயனாகத் திரட்டியவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்துள்ளேன்.

நியூ யோர்க் மாநகரின் குயீன்ஸ் பகுதியிலே போறெஸ்ற் ஹில்ஸ் என்றோர் இடம் உண்டு. அங்கே திரிந்த நான்கு இளைஞர் 1974இல் ஒன்றுகூடினர். அவர்கள் சகோதரரல்லர், ஆயினும் நால்வரும் றமோன் என்னும் ஒரே குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டனர். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்காட்னி தம் இளமையிற் சிறிது காலம் போல் றமோன் என்ற புனைபெயரை வைத்திருந்தார். அதிலிருந்து எடுத்த பெயர் இது. பாடுபவர் ஜோயி, கிற்றார் வாசிப்பவர் ஜொனி, பேஸ் கிற்றார் வாசிப்பவர் டீ டீ, முரசடிப்பவர் ரொமி. முதலில் ஜோயிதான் முரசடித்தார். பின்னர் பாடுவதற்கு எழுந்து நின்றார். அவருடைய இடத்துக்குப் பலரை அழைத்துப் பார்த்தும் தாம் விரும்பிய அடியை ஒருவரும் அடிக்காமையால், குழுவின் காரியங்களைக் கவனித்துவந்த ரொமியே அவ்வாசனத்தில் அமர்ந்துவிட்டார். முரசு அவர் பயின்ற வாத்தியமன்று. தேவை ஏற்பட்டது, அமர்ந்தார், அவ்வளவே.

அக்காலத்து மேலைநாட்டு றொக் இசை எத்தகையது என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். வித்துவத்தன்மை மேலோங்கி, கேட்பவன் அண்ணாந்து பார்க்கும் நிலைக்கு அது வளர்ந்திருந்தது. யெஸ் என்னும் ஆங்கிலக் குழு 1973இல் வெளியிட்ட இரட்டைத் தட்டொன்றில் நான்கே உருப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முழுவதும் நீள்வது. எல்லாமாக ஏறக்குறைய 80 நிமிடம். நான் அதனைக் குறைகூறவில்லை. ஆழ்ந்து கேட்பார்க்கு அதிலும் சுவையுண்டு. ஆனால் கையிற் பணமும் வாத்தியப் பயிற்சியும் இல்லாத பதினேழு வயதுப் பையனுக்கு அத்தகைய இசை கூறும் செய்தி என்ன? ‘நீ அங்கேயே உட்கார்ந்திரு, நாங்கள் வாசிக்கிறோம்’ என்பதன்றோ?

றமோன்ஸ் குழுவினர் தம் தட்டை 1976 பெப்ரவரியிலே, நியூ யோர்க்கின் றேடியோ சிற்றி இசை மண்டபத்தின் மேல்மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்தனர். செலவு 6,400 டொலர். பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் கூடங்களைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் இஃது அற்பத் தொகை. ஜொனியின் வாசிப்பிலே விரல்வித்தை எதுவுமில்லை. ஸ்வரக்கூட்டை முழுமையாகப் பிடித்து, கையை மேலிருந்து கீழ்நோக்கியே ஓயாது அடித்துச் செல்வார். மேல்நோக்கிய அடி கிடையாது. எளிதென்று தோன்றும். கையிலே ஒரு கோலை எடுத்து அந்த வேகத்தில் மேசையைத் தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு வலியெடுக்கும். (நான் தட்டிப் பார்த்தேன், அடுத்த அறையிலிருந்த உப அதிபர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.) நம்மவர் மொழியிற் சொல்வதாயின், இங்கே இராகம் இல்லை என்பார்க்கு லயம் விடை கூறும்.

ஒலிப்பதிவிலே இன்னொரு விசேடம். பீற்றில்ஸ் குழுவின் தொடக்ககாலத் தட்டுக்களைப் பின்பற்றி, கிற்றாரை ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் பேஸ் கிற்றாரை மற்றப் பக்கத்திலும் பிரித்து வைத்தனர். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் ஒரு வாத்தியம் மறைந்துபோகும். அவ்விடத்திலே கேட்பவன் தன் வாத்தியத்தைக் கொண்டு புகுந்துகொள்ளலாம். இதனை ஆசிரியர் அருகில்லாத பாடப்புத்தகமாக வைத்துப் பயின்றோர் பலர். என் மாணவனும் அவர்களுள் ஒருவன் என்பது பின்னரே எனக்குத் தெரியவந்தது.

இத்தட்டு வெளிவந்தபோது பெருவாரியாக விற்கவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது எட்டிய உச்சம் 111ஆம் இடம். ஆயின் வாங்கிய சிலர் செய்ததென்ன? இலண்டனில் மார்க் பெரி என்னும் வங்கி எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார், அகவை பத்தொன்பது. அவருக்கு இத்தட்டின் மீது அளவிலாப் பற்று. இதனைப் பற்றி வாசிக்கப் போதிய ஏடு இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை; தாமே ஓர் ஏட்டைத் தொடங்கினார். 1976 யூலையில் முதல் இதழ் வந்தது. சாதாரண தட்டச்சுப் பொறி, கையால் எழுதிய தலைப்புக்கள், பிரதியெடுக்கும் இயந்திரம், மூலையில் ஓர் ஊசி. முதலிற் சுமார் ஐம்பது பிரதிகளே. தட்டிலுள்ள ஒரு பாட்டின் பெயரைத் தழுவி ‘ஸ்னிஃபின் குளூ’ என்று பெயரிட்டார். ஓராண்டுக்குள் அது ஆயிரக்கணக்கிற் பரவியது. அதைவிடச் சிறப்பு, தம் வாசகர்களை நோக்கி, ‘எம் ஏட்டோடு நின்றுவிடாதீர், நீங்களும் ஆளுக்கோர் ஏடு தொடங்குங்கள்’ என்ற கருத்தில் அவர் எழுதியமை. அவ்வாறே பலர் தொடங்கினர்.

இரசிகர் என்ற சொல்லை நாம் வழங்கும்போது, சபையிலே அமர்ந்து தலையசைத்து, இடமறிந்து ஆகாரம் போடும் ஒருவரை மனத்திற்கொள்கிறோம். அதுவும் உயர்ந்த இரசனையே. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். இத்தட்டின் இரசிகர்களோ வேறு வகையினர். அவர்கள் பாராட்டிய முறை கைதட்டுவதன்று. வீட்டுக்குப் போய்த் தாமும் ஒன்றைச் செய்யத் தொடங்குவது.

அதே 1976 யூலை 4ஆம் திகதி, அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டு நிறைவன்று, றமோன்ஸ் குழுவினர் இலண்டன் றவுண்ட்ஹவுஸ் அரங்கிலே பாடினர். மறுநாள் இன்னொரு சிறு மண்டபத்தில் நடந்த கச்சேரிக்கு இலண்டன் வாலிபர் பலர் வந்தனர். கிளாஷ் என்னும் புதிய குழுவைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். தமக்கு இன்னும் சரியாக வாசிக்க வரவில்லையே என்று அவர்கள் கூச்சப்பட, எங்களுக்கும் வாசிக்கத் தெரியாது, மேடையேறிச் செய்யுங்கள் என்ற பொருள்பட ஜொனி பதிலளித்தார் என்று இரசிகர்கள் இன்றும் கதைப்பார்கள். சொல்லுக்குச் சொல் அப்படித்தானோ, அன்றோ, அக்கதையை அவர்கள் விரும்பிச் சொல்வதே நமக்குப் போதிய சான்று.

இனி, என் சிவப்பு மைக்கும் சில நியாயங்கள் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். இத்தட்டிலே பசையை முகர்ந்து மயங்க விரும்பும் பையனைப் பற்றிய பாட்டொன்று இருக்கிறது. தறிகெட்ட குழந்தையை அடிக்கச் சொல்லும் பாட்டும் உண்டு. இறுதிப் பாட்டிலே நாற்சிப் படையின் சாயல் வருகின்றது. அதற்கு இசைத்தட்டுக் கம்பனியின் தலைவரே ஆட்சேபம் தெரிவித்து, ஓரடி மாற்றப்பட்டது. இவையெல்லாம் நையாண்டி என்பது இரசிகர் கட்சி. பாடிய ஜோயி யூதர். ரொமியோ 1949இல் புடாபெஸ்ற்றிலே, யூதப் படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த பெற்றோருக்குப் பிறந்தவர். அத்தகையோர் அக்கொடியோரைப் போற்றுவரா என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமே. டீ டீ, அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் மைந்தராக ஜெர்மனியில், போரின் எச்சங்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதையும் கருதவேண்டும். சிறுவர் கேலிச்சித்திரப் புத்தகங்களைப் போலவே இவர்கள் பயங்கரத்தைக் கையாண்டனர் என்று நானும் ஒப்புகின்றேன். ஆயினும் நையாண்டியை நையாண்டி என அறியப் பக்குவம் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இத்தட்டை நான் கொடுக்கமாட்டேன்.

இரசிகர்கள் அதிகம் பேசாத பாட்டொன்று என்னை வருத்தியது. நியூ யோர்க்கிலே 53ஆம் வீதியும் மூன்றாம் அவெனியூவும் சந்திக்கும் மூலை ஒருகாலத்தில் வாலிபர்கள் உடலை விற்று நின்ற இடம். அதன் பெயராலேயே டீ டீ ஒரு பாட்டை எழுதினார். அங்கே நிற்பவனை எவரும் தெரிந்தெடுக்கவில்லை; அந்த அவமானமே பாட்டின் கரு. மற்றப் பாட்டுக்களின் அதே வேகம், அதே இரைச்சல். உள்ளேயோ ஒருவன் அழுகிறான். சிரித்துக்கொண்டே கேட்டு வந்தவன் நான் இங்கே நின்றுவிட்டேன். டீ டீ வாழ்நாள் முழுவதும் போதைக்கு ஆட்பட்டிருந்து, 2002 யூனிலே ஹெரோயின் மிகுதியால் மாண்டார். போதையைப் பற்றிய வேடிக்கைப் பாட்டுக்களைக் கேட்கும்போது இந்தச் செய்தியை மறந்துவிட்டுக் கேட்க என்னால் இயலவில்லை. மாணவனிடம் இதனைச் சொன்னேன். அவன் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “அது தெரிஞ்சதாலதான் சேர் எனக்கு அந்தப் பாட்டு இன்னும் கூடப் பிடிக்கும்” என்றான். அவனுக்கு உடனே மறுமொழி கூற எனக்கு வரவில்லை.

புள்ளியைத் திருத்தினேனா என்று கேட்பீர்கள். திருத்தினேன். எழுத்துப் பிழைகளுக்குக் கழித்ததை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

தட்டின் உறையைப் பற்றியும் ஒரு சொல். செங்கற் சுவரொன்றின் முன், தோலங்கியும் கிழிந்த காற்சட்டையுமாக நால்வர் வரிசையாய் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. றொபேட்டா பெய்லி என்னும் பெண்மணி ‘பங்க்’ என்ற சஞ்சிகைக்காக எடுத்தது. கம்பனி அதனை 125 டொலருக்கு வாங்கிக்கொண்டது. கம்பனியார் முன்னர் எடுப்பித்த படங்கள் பொருந்தாமற் போயின. பிற்காலத்தில் எத்தனையோ குழுக்கள் அப்படியே சுவர் தேடி நின்று படம் பிடித்துக்கொண்டன. இக்குழுவின் கழுகுச் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து திரிவோருள், தட்டை ஒருமுறையேனும் கேட்டவர் எத்தனை பேர் என்பது எனக்கு ஐயமே.

இருபத்திரண்டு ஆண்டுகளில் 2,263 கச்சேரிகள் செய்த இக்குழு 1996 ஆகஸ்டிலே கலைந்தது. தாய்நாட்டிலே சிறு மண்டபங்களிற் பாடியவர்களுக்கு, அதே ஆண்டு மார்ச்சில் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்சிலே ஓர் உதைபந்தாட்ட மைதானமே நிறைந்தது. ஜோயி 2001இலும், டீ டீ 2002இலும், ஜொனி 2004இலும் மறைந்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தின் 2012ஆம் ஆண்டுத் தெரிவுகளுள் இத்தட்டையும் சேர்த்துக்கொண்டது. ஐந்து இலட்சம் பிரதிகளுக்கென வழங்கப்படும் தங்கத்தட்டு விருது 2014 ஏப்ரல் இறுதியிலேதான் கிடைத்தது. வெளியாகி முப்பத்தெட்டு ஆண்டு கழித்து. அதைக் காண நால்வருள் ரொமி ஒருவரே உயிரோடிருந்தார். அவரும் அவ்வாண்டு யூலை 11ஆம் திகதி காலமானார்.

இவர்கள் தொடக்ககாலத்தில் பாடிப் பழகிய சீபிஜீபி என்னும் சிறு விடுதி, நியூ யோர்க்கின் பவரி வீதியில் இருந்தது, 2006இல் மூடப்பட்டது. அதற்கு அண்மையில் உள்ள தெருமுனைக்கு 2003ஆம் ஆண்டு நகர நிர்வாகத்தினர் ஜோயியின் பெயரைச் சூட்டிப் பலகையொன்றை நாட்டினர். இரசிகர்கள் அதனைக் கழற்றிக்கொண்டு போயினர். மீண்டும் நாட்டினர், மீண்டும் காணாமற்போயிற்று. களவு தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழில் என்னுடையது. எனினும் இச்செய்தியை வாசித்தபோது சிரியாதிருக்க முடியவில்லை. இறுதியில் நிர்வாகத்தினர் பலகையை ஏறக்குறைய இருபது அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டனர். ஜோயி ஆறரை அடி உயரமானவர். அவர் இருந்திருந்தாலும் அது அவருடைய கைக்கு எட்டியிராது.