தொண்ணூறோடு நின்ற வானொலி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் காரைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நானும் இதை ஒரு சிறுகதையாக எழுதத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது கதை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் சற்று ஆறிய பிறகு இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அலவத்துகொட. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் தாண்டினால் வரும். வீதியோரம் கடைகள், கடைகளுக்குப் பின்னால் மேடு, மேட்டில் வீடுகள். அப்படியொரு மேட்டு வீடுதான் எங்களுடையது.

2025 நவம்பர் மாதக் கடைசி வாரம். ராத்தாவை வெள்ளிக்கிழமை காலையில் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது. என்னுடைய வாகனம் இருபது வருடமாக என்னோடு கிழடாகி வரும் ஓர் ஐரோப்பியச் சின்னக் கார். அது அந்த வாரம் கராஜில் கிடந்தது. ஆகவே வியாழக்கிழமை ஒரு காரை வாடகைக்கு எடுத்து வந்தேன். ஜப்பானில் சில வருடம் ஓடி, பிறகு கப்பலேறி இங்கு வந்த கார். நம் நாட்டு வீதிகளில் இப்படிப்பட்டவை எத்தனையோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் இருந்ததையே எல்லோரும் பேணி ஓட்டினோம். அதனால் அதன் வயதைப் பற்றி எனக்குக் குறையில்லை. இயந்திரமும் நல்ல இயந்திரம்.

அந்த வியாழன் இரவுதான் டித்வா புயல் வந்தது. அது மலைநாட்டுக்குச் செய்ததை நீங்கள் அறிவீர்கள். கண்டி மாவட்டம் இழந்த உயிர்கள் மிகப் பல. எங்கள் அலவத்துகொடப் பகுதியிலும் மலை சரிந்தது, மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். என் அனுபவம் அவர்களுடைய துயரத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

மாலையே மின்சாரம் போனது. இரவானதும் கைத்தொலைபேசியில் சமிக்ஞை போனது. வீட்டில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. திறந்து பார்த்தால் பற்றரி கசிந்து, உள்ளே பச்சை பூத்திருந்தது. மழை ஓட்டின்மேல் கல் கொட்டுவதுபோல் கொட்டியது. மேட்டில் இருப்பதா, இறங்குவதா? யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் என் மருமகன், ராத்தாவின் மகன், சொன்னான்: "மாமா, காரில் ரேடியோ இருக்குதானே!"

ஐந்து பேரும் நனைந்துகொண்டே காருக்குள் ஏறினோம். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. பிறகு வானொலியைப் போட்டேன். எண்கள் 76இல் தொடங்கி ஓடின. 80, 85, 89, 90. அதற்கு மேல் ஏறவில்லை. மீண்டும் 76க்கே போனது. மீண்டும் ஓடவிட்டேன், மீண்டும் 76. இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நம்முடைய நிலையங்கள் பெரும்பாலும் 90க்கு மேலே, 108 வரை இருக்கின்றன. நாடு முழுவதும் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்தபோது, எங்களிடமிருந்த ஒரேயொரு வானொலிக்கு அது இருக்கும் திசையே தெரியவில்லை.

இதை அந்த இரவுக்குப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். ஜப்பானில் பண்பலை ஒலிபரப்புக்கு ஒதுக்கிய இடம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. 90 முதல் 108 வரை அங்கே பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் குடியிருந்தன. அந்தத் தொலைக்காட்சி முறை பெரும்பாலான இடங்களில் 2011இல் முடிந்தது. 2014 முதல் வானொலிக்கு 95 வரை இடம் கொடுத்தார்கள். ஆக, அந்தக் கருவியைச் செய்தவன் பிழை செய்யவில்லை. தன் நாட்டில் தன் வீதியில் போகும் ஒருவனுக்காகச் செய்தான். அந்தக் கார் ஒருநாள் அலவத்துகொட மேட்டில், மின்சாரமில்லாத இரவில், ஐந்து பேரைச் சுமந்துகொண்டு நிற்கும் என்று அவன் நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால் காரை இங்கே கொண்டுவந்தவர்களும் விற்றவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் நினைத்திருக்கலாம். வானொலிக் கம்பிக்கும் கருவிக்கும் இடையில் மாட்டும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அது நம் நிலையத்தின் அதிர்வெண்ணைக் குறிப்பிட்ட அளவு இறக்கிக் கொடுக்கும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பொருள். அந்தக் காரில் அது இல்லை.

கடைசியில் எங்களுக்குச் செய்தி கொண்டுவந்தது ஒரு மனிதர். அடுத்த வளவுச் சிங்கள அயலவர், வயது எழுபதுக்கு மேல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு டோர்ச் வெளிச்சத்தில் ஏறி வந்தார். அவர் வீட்டில் பற்றரி வானொலி இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, "சேர், சரிவில் இருக்கிற எல்லோரும் இறங்கட்டாம்" என்று சொல்ல வந்திருந்தார். இறங்கினோம்.

இங்குதான் இரண்டாவது சங்கதி. நனைந்த ஐந்து பேரின் மூச்சில் முன்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிட்டது. ஆவியைப் போக்கும் பட்டன் எங்கோ இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் எழுதியிருந்ததெல்லாம் ஜப்பானிய எழுத்து. மனைவி தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். மருமகன் வழி காட்ட டோர்ச்சோடு முன்னால் நடந்தான். வளைவில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே ஒரு லொறியின் வெளிச்சம் தெரிந்தது. இருபது வருடப் பழக்கத்தில் என் இடக்கை ஸ்டியரிங்கின் இடப்பக்கத் தண்டை மேலே தள்ளியது. என் காரில் அது வலப்பக்கச் சிக்னல். ஜப்பான் காரில் சிக்னல் வலப்பக்கத் தண்டில் இருக்கிறது, இடப்பக்கத்தில் இருப்பது வைபர். சிக்னல் விழவில்லை, ஓடிக்கொண்டிருந்த வைபர் நின்றது. கண்ணாடி முழுவதும் தண்ணீர்ச் சுவர். முன்னால் நடந்த பிள்ளை மறைந்துபோனான்.

பிரேக்கை மிதித்தேன். நேயர்களே, கார் நின்றபோது அவனுடைய டோர்ச் வெளிச்சம் பொனட்டுக்கு மேலே ஒரு முழத் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் தப்பினான். நாங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். விடிந்து வந்து பார்த்தபோது எங்கள் சமையலறைச் சுவரை மண் தள்ளிவிட்டிருந்தது. ஆனால் ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அன்று அவனுக்கு ஏதாவது நடந்திருந்தால் பொலிஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? "சாரதியின் கவனயீனம்" என்றுதான். நானும் அதை நம்பியிருப்பேன்.

இதே கேள்வியை 1943இல் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் சிலர் சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார்கள். விமானம் வயிறு தரையில் பட விழும். விமானியின் தவறு என்று எழுதி முடித்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அமரும் அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கையின் மடலுக்கான விசையும் அடுத்தடுத்து, ஒரே உருவத்தில் இருந்தன. அவர் சக்கர விசையின் தலையில் சிறிய றப்பர் சக்கரமொன்றையும் மடல் விசையில் ஆப்பு வடிவத் துண்டொன்றையும் வைத்தார். களைத்த கை தொட்டு அறிந்துகொண்டது, தவறு நின்றது. மனிதனைத் திருத்துவதைவிடப் பிடியைத் திருத்துவது இலகுவாக இருந்தது.

நம்மில் மூத்தவர்களுக்கு மோரிஸ் மைனர் கார் நினைவிருக்கும். அதன் பக்கத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறக் கை ஒன்று எழுந்து திரும்பும் திசையைக் காட்டும். பல நேரம் எழாது. சாரதி தூணில் ஒரு குத்து விட்டால் எழும். குறைதான். ஆனால் கை எழவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, குத்தவும் எல்லோருக்கும் தெரிந்தது. அதே காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், 1948இல் அது வெளிவருவதற்கு முன், உடல் ஒடுங்கியிருப்பதாக எண்ணி, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். அதன் பொனட் நடுவில் ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்.

இன்றைய குறை வேறு மாதிரி. விசைகளையெல்லாம் எடுத்துவிட்டுத் தொடுதிரை வைக்கிறார்கள். 2022இல் சுவீடனில் ஒரு கார்ச் சஞ்சிகை சோதித்தது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு சாதாரண வேலைகள். பட்டன்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வொல்வோ காரில் அவற்றை முடிக்க 10 விநாடி போதுமாக இருந்தது. புதிய கார்களில் மிக மோசமானதற்கு ஏறத்தாழ 45 விநாடி. அந்த நேரத்தில் கார் ஒன்றேகால் கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்குப் புள்ளியிடும் யூரோ என்கெப் அமைப்பு, 2026 முதல் சிக்னல், வைபர், ஹோர்ன், ஆபத்து விளக்கு முதலியவற்றுக்குத் தனி விசை இல்லாத கார்களுக்குப் புள்ளி குறைக்கும் விதியைக் கொண்டுவந்திருக்கிறது. சுற்றிப் போய் வீட்டுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் காரின் பெட்ரோல் மானியில், பம்புப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்பு இருக்கும். மூடி எந்தப் பக்கம் என்று அது காட்டும். 1986இல் ஃபோர்ட் கம்பனியில் வேலை செய்த ஜிம் மொய்லன் என்பவர் அலுவலகத்தின் பொதுக் காரை எடுத்துப் போய், பம்புக்குப் பிழையான பக்கத்தில் நிறுத்தி, மழையில் நனைந்தார். திரும்பி வந்ததும் இப்படியோர் அம்பு வைத்தால் என்ன என்று கம்பனிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இன்று உலகின் பெரும்பாலான கார்களில் அந்த அம்பு இருக்கிறது. தான் நனைந்ததை மற்றவர் நனையாமலிருக்க எழுதிய குறிப்பு. எழுத்தின் பயனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காருக்குள் பேசிய பெண்குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வேலை செய்து திரும்பிய ஊர்ப் பையன் ஒருவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை" என்கிறதாம்! மலை சரியும் இரவிலும் அது எங்களை ஒழுங்காக எச்சரித்துத்தான் இருக்கிறது, வேறொரு நாட்டின் சுங்கச் சாவடியைப் பற்றி.

எழுதுகிற நமக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாமும் முகம் தெரியாத ஒருவருக்காகத்தான் எழுதுகிறோம், பேசுகிறோம். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, குறையில்லாத இலக்கணம் எல்லாம் இருந்தும், கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று நினைக்காவிட்டால் நம் பேச்சும் அந்த அட்டை அறிவித்தல்தான்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது உரிமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரேடியோவை யார் சேர் கேட்கிறார்கள்? எல்லோரும் போனை மாட்டிப் பாட்டுக் கேட்கிறார்கள்" என்றார். நான் மருமகனின் கதையைச் சொன்னேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சற்று நேரம் பேசாமலிருந்தார். அடுத்த வாரம் அந்தச் சிறு பெட்டியை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இப்போது 100இல் உள்ள நிலையம் அந்தக் காரில் 80 என்று வருகிறது. அது வாடகைக்கு எடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே ஒரு வெள்ளை அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். எந்த நிலையம் எந்த எண்ணில், ஆவி போக்கும் பட்டன் எது, வைபர் எந்தப் பக்கம், சிக்னல் எந்தப் பக்கம். எல்லாமாகப் பன்னிரண்டு வரி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். நாற்பது வருடமாக எழுதுகிறேன் நேயர்களே. ஆட்கள் உண்மையில் வாசித்துப் பயன்பெறுகிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய என் எழுத்து அதுதான்.

நீங்கள் அடுத்த முறை ஒரு காரை வாடகைக்கு எடுத்தால், பகல் வெளிச்சத்தில், நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் அதற்குள் உட்காருங்கள். வைபரைப் போடுங்கள், ஆவியைப் போக்குங்கள், இந்த நிலையம் கேட்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒரு பற்றரி வானொலியும் வைத்திருங்கள், பற்றரியைத் தனியே கழற்றி வையுங்கள்.