குடியை விட்ட மறுநாள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், ஆலோசகர் பயிற்சியில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது)



குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் இப்போது குடிநோய் ஆலோசகர் பயிற்சியில் இருக்கிறேன். முதல் வகுப்பில் டீச்சர் கேட்டார்: "ஒருத்தர் குடியிலிருந்து மீண்டுட்டாருன்னு எப்பச் சொல்லுவீங்க?" குடிக்காமல் இருக்கும்போது என்றார் ஒருவர். ஒழுங்காக வேலைக்குப் போகும்போது என்றார் இன்னொருவர். சம்பளம் முழுசாக வீட்டுக்கு வரும்போது என்றேன் நான். "எல்லாம் சரிதான். ஆனா இன்னும் வாசப்படியிலதான் நிக்கிறீங்க, வீட்டுக்குள்ள வாங்க" என்றார் டீச்சர்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மா, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். கணவர் பெயரிலேயே 1980-ல் அறக்கட்டளை தொடங்கினார். அதுதான் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடிப்பழக்கம் ஒரு நோய், வீட்டாருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் வேண்டும் என்று செய்து காட்டினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வீட்டாருக்கு எதற்கு வைத்தியம்? ஒரு அக்கா கதை சொல்கிறேன். பேர், ஊர் சொல்லக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். அவர் கணவர் குடியை விட்டு நாலு மாசம் ஆகியும், ராத்திரி ஒன்பது மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டால் அக்காவுக்கு நெஞ்சு படபடக்கும். பணத்தை அரிசிப் பானைக்குள்தான் ஒளித்து வைப்பார். அந்தப் பயம் தீராமல் அந்த வீடு மீண்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவரும் ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்து பேசினார்.

ஐந்தாம் மாசம், ஆடிப்பூரத் தேரன்று அவர் கணவர் மறுபடி குடித்துவிட்டார். "எல்லாம் போச்சு"ன்னு வீடே அழுதது. அந்த ஐந்து மாசம் எங்கேயும் போகவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தைத் தூக்கியா போடுகிறோம்? எதனால் ஏறியது என்று பார்க்கிறோம். தூக்கமில்லாத இரவுகள், கையில் மொத்தமாக வந்த கூலி, பழைய கூட்டாளி: இதையெல்லாம் விசாரித்து, அவரை மறுநாளே திரும்ப வரவைத்தோம்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். பல வருஷம் தினமும் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள்; சில மருந்துகளோடு மது சேர்ந்தால் உயிர் போகும். குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "உன் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறாரா?" என்று கேட்காதீர்கள். "நீ எப்படி இருக்கே?" என்று தனியாகக் கேளுங்கள். அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப் போவது வைத்தியம் ஆகாது. அதற்கு 181 இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. இரண்டு எண்ணையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.